வண்ணார்பண்ணைப் பெற்றோரும் பாடசாலைத் தெரிவும்

நமது நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதப்புகுந்தோர் பெரும்பாலும் பாடசாலைகளைத் தாபித்தவர்களின் வரலாற்றையே எழுதி வந்திருக்கின்றனர். இன்ன ஆண்டிலே இன்ன பாதிரியார் வந்தார், இன்ன பெரியார் எழுந்தார், இன்ன இடத்திலே அத்திவாரமிட்டார் என்பன அவ்வரலாறுகளில் நிரம்பியுள்ளன. அவை வேண்டற்பாலனவே. ஆயினும், பாடசாலை என்பது கட்டடமும் அதிபரும் மாத்திரமன்று. அதன் வாங்குகளில் அமரப் பிள்ளைகள் வரவேண்டும். பிள்ளைகள் தாமாக வருவதில்லை. தாய் தந்தையர் அனுப்பவே வருகின்றனர். அவர்கள் எதனை எண்ணி அனுப்பினர், எதனை அஞ்சி அனுப்பாது விடுத்தனர் என்னும் வினாக்களை எழுப்பினால், நன்கறிந்த வரலாறு வேறொரு முகத்தைக் காட்டும். அம்முகத்தைக் காணுதற்கு யாழ்ப்பாணப் பட்டினத்தின் ஒரு பகுதியாகிய வண்ணார்பண்ணையை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

வண்ணார்பண்ணையைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே வைத்திலிங்கச் செட்டியார் எடுப்பித்த வைத்தீசுவரன் கோயில், அதாவது ஊரார் சிவன்கோயில் என வழங்குவது, இதன் நடுவே உள்ளது. கன்னாதிட்டியிலே பொற்கொல்லர் பட்டறைகளும், கஸ்தூரியார் வீதியிலே வணிகரின் கடைகளும், மேற்கே சோனகதெருவிலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் அமைந்து, பல தொழிலினரும் பல மதத்தினரும் நெருங்கி வாழ்ந்த இடம் இது. கோட்டையும் கச்சேரியும் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் ஒரு பெற்றோன் தன் மகனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை ஒப்புநோக்கி ஆராயக்கூடிய நிலைமை முதன்முதல் உண்டாகிய இடங்களுள் இதுவும் ஒன்று. நாட்டுப்புறத்திலே இருந்ததை ஏற்பது அல்லது விடுவது என்னும் இரண்டே வழிகள். இங்கோ தெரிவு இருந்தது. தெரிவு இருந்த இடத்திலேதான் கவலையும் இருக்கும்.

பழைய கல்வி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடைபெற்றது. விசயதசமியன்று ஏடு தொடக்கி, மணலிலே எழுத்துப் பயிற்றி, பின்பு ஓலையும் எழுத்தாணியும் கொடுத்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி என்னும் முறையிலே ஆசிரியர் கற்பிப்பர். ஊதியம் பெரும்பாலும் நெல்லாகவும் காய்கறியாகவும் விசேட தினங்களிலே வேட்டி சால்வையாகவும் கொடுக்கப்பட்டது. இம்முறையிலே பெற்றோர் ஆராயவேண்டியது அதிகமில்லை. ஆசிரியர் அயலவர், அவர் குடும்பம் அறிந்த குடும்பம், அவர் கற்பிப்பது தந்தையும் பாட்டனும் கற்றதே. மேலும் கற்க விரும்புவோன் நல்லூரிலோ பிற ஊர்களிலோ இருந்த புலவர் ஒருவரை அடைந்து இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்பான். அந்தக் கல்வி அறிவையும் மதிப்பையும் தந்தது. சம்பளத்தைத் தரும் என யாரும் அதனிடம் எதிர்பார்க்கவில்லை.

இந்நிலையை மாற்றியது ஆங்கிலம். வெஸ்லியன் சங்கத்தார் 1814 ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டிலும், சேர்ச் மிசன் சங்கத்தார் அவர்களை அடுத்து 1818 ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். சில ஆண்டுகளுள் கோட்டையை அடுத்து வெஸ்லியன் ஆங்கில பாடசாலையும், நல்லூரிலே சேர்ச் மிசனாரின் செமினரியும், வட்டுக்கோட்டையிலே 1823 ஆம் ஆண்டில் அமெரிக்கரின் செமினரியும் எழுந்தன. கத்தோலிக்கரின் ஆண்கள் பாடசாலை 1850 ஆம் ஆண்டிலே தோன்றி, பிற்காலத்திற் சம்பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கோல்புறூக் என்பாரின் விசாரணையை அடுத்து 1833 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் அமைப்பு மாற்றப்பட்டபோது, ஆங்கிலம் அறிந்த சுதேசிகளுக்குக் கச்சேரியிலும் நீதித்தலங்களிலும் இடங்கள் திறந்தன. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழியைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அது சிரிப்புக்காகப் பிறந்ததன்று என்பதை மறந்துவிடுகின்றனர். மழையை நம்பிய தறைக்காணியும், பிள்ளைகள்தோறும் துண்டாகிச் சிறுத்துவந்த சீதனக் காணியும் உடைய சமுதாயத்துக்கு, மாதந்தோறும் வரும் சம்பளமும் முதுமையில் வரும் பென்சனும் எத்துணைப் பெரிய காப்பு என்பதை ஆராய்ந்தவர்களுக்கு அப்பழமொழி நியாயமாகவே தோன்றும்.

ஆகவே வண்ணார்பண்ணைத் தந்தை ஒருவன் 1830களிலே தன் மகனைப் பற்றி எண்ணும்போது அவன் முன் நின்ற கணக்கு எளியதன்று. வட்டுக்கோட்டைச் செமினரி கல்வியின் தரத்தால் மிக உயர்ந்தது. கணிதம், வானநூல், தருக்கம், தமிழ், ஆங்கிலம், வடமொழி என்பன அங்கே கற்பிக்கப்பட்டன. தொடக்க காலத்திலே உணவும் உடையும் உறையுளும் இலவசம். ஆயினும் அது ஏழு மைலுக்கு அப்பால் உள்ளது. பிள்ளை அங்கேயே தங்கவேண்டும். அவன் உண்ணும் சோற்றை யார் சமைக்கின்றனர், அவன் இரவிலே யாருடைய செபத்தைக் கேட்டு உறங்குகின்றான் என்பன தாயைக் கலக்கும் வினாக்கள். உதவி புரிந்த அமெரிக்கர்களின் பெயர்களை மாணவர்க்கு இடும் வழக்கமும் அங்கே இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயரை இன்று வாசிக்கும்போது புதுமையாகத் தோன்றுகின்றது. அன்று ஒரு தாய்க்கு அது தன் பிள்ளையின் பாதியை வேறொருவருக்குக் கொடுத்ததாகவே தோன்றியிருக்கும். வெஸ்லியன் பாடசாலையோ ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் உள்ளது. காலையிலே நீராடி, நீறணிந்து, வீட்டிலே உண்டு போய், மாலையிலே வீட்டுக்கு மீளலாம். பகலிலே விவிலியம் கேட்டாலும் இரவிலே தேவாரம் ஓதலாம். சைவ வீடுகள் பல இந்த ஏற்பாட்டையே விரும்பின.

இதனைக் கபடம் என மிசனரிமாருட் சிலர் கருதினர். பிற்காலத்துச் சைவர் சிலரும் அவ்வாறே இகழ்ந்தனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கல்வியை ஓரிடத்திலும் சமயத்தை ஓரிடத்திலும் பெறலாம் என்பது அப்பெற்றோரின் துணிபு. பாடசாலை முழுமனிதனையும் தன்வயமாக்கவேண்டும் என்னும் கொள்கை மிசனரிமாருடையது, பெற்றோருடையதன்று. இரு திறத்தாரும் ஒரே வகுப்பறையைப் பற்றி இருவேறு உடன்படிக்கைகளை மனத்தில் வைத்திருந்தனர் என்பதே உண்மை.

அந்த வேற்றுமை வெளிப்பட்ட இடம் வட்டுக்கோட்டை. செமினரி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. அங்கே கற்றவர்களுள் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் விசுவநாதபிள்ளை அவர்களும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். எனினும் அமெரிக்காவிலிருந்த மிசன் சங்கத்தார் அந்தப் பெருமையினால் மகிழவில்லை. மாணவர் ஆங்கிலம் கற்று உத்தியோகத்துக்குப் போகின்றனரேயன்றி ஊர்தோறும் சுவிசேடம் சொல்லும் போதகராகின்றாரிலர். படிக்குங்காலத்திலே ஞானஸ்நானம் பெற்றவருட் பலர் படிப்பு முடிந்தபின் மீண்டும் திருநீறு அணிகின்றனர் என்னும் குறைகள் எழுந்தன. 1855 ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. அதனை மூடியவர் மிசனார். மூடவைத்தவர் பெற்றோர் எனலாம். பெற்றோர் எதிர்த்து நிற்கவில்லை, ஊர்வலம் போகவில்லை. தாம் வேண்டியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஏனையதை விட்டனர். பின்னர் 1872 ஆம் ஆண்டிலே அதேயிடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியதற்கும் ஆங்கிலக் கல்வியை விடாது வேண்டிநின்ற உள்ளூர்க் கிறித்தவர்களே காரணராயினர்.

இனி வண்ணார்பண்ணைக்கு மீள்வோம். நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்த ஆறுமுகம் என்னும் சிறுவனை அவன் குடும்பத்தார் தமிழ்க் கல்வியிலே தேர்ச்சிபெறச் செய்தபின், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலைக்கு ஆங்கிலம் கற்க அனுப்பினர். அக்காலத்துச் சைவ வேளாண் குடும்பங்கள் பல செய்த தெரிவே அது. அங்கே மாணவராயிருந்தவர் ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பு வேலைக்கும் துணைபுரிந்தார். நாவலரவர்கள் பிற்காலத்திற் கண்டித்த ஏற்பாட்டின் விளைவே நாவலரவர்கள் என்றால் அது மிகையாகாது. மிசன் பாடசாலையின் கால அட்டவணை, வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல், வினாவிடை முறை, வாரந்தோறும் பிரசங்கம் ஆகிய யாவற்றையும் உள்ளிருந்து கண்டவர் அவர். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848 ஆம் ஆண்டிலே பாதிரியாரின் சம்பளத்தை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

இதன் பின்னணியிலே சாதி பற்றிய ஒரு செய்தியும் உண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. 1847 ஆம் ஆண்டிலே வெஸ்லியன் பாடசாலையில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் சேர்க்கப்பட்டபோது, உயர்சாதி மாணவர் பலர் விலகினர். விலகிய மாணவரின் பெற்றோருக்கு வேறிடம் வேண்டியிருந்தது. சைவப்பிரகாச வித்தியாசாலை சமயத்துக்காக எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே பிள்ளைகளை அனுப்பிய எல்லாரும் சமயம் ஒன்றையே எண்ணி அனுப்பினர் எனச் சொல்லுதல் இயலாது. தன் மகனுக்கு அருகில் அமர்பவன் யார் என்னும் வினா அன்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட்டது. நாவலரவர்களும் அக்காலச் சாதியாசாரத்தை விட்டொழித்தாரல்லர்.

வித்தியாசாலையிலே மாணவரிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. வீடுதோறும் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக இட்டுவைத்து வித்தியாசாலைக்குக் கொடுக்கும் பிடியரிசித் தருமத்தை நாவலரவர்கள் ஏற்படுத்தினார். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எத்துணை வியந்தாலும் தகும். பணக்காரர் ஒருவரின் பெருங்கொடை வற்றிப்போகலாம்; நாடோறும் உலைவைக்கும் வீடுகளின் பிடியரிசி வற்றாது. அரிசி இடுபவள் தாய். ஆதலின் பாடசாலையைப் பற்றிய எண்ணம் அடுக்களையிலே நாடோறும் ஒருமுறை எழும். அச்சியந்திரம் 1849 ஆம் ஆண்டிலே சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்டது. பாலபாடங்கள் வெளிவந்தன. மிசன் பாடசாலையின் பாடநூலுக்கு ஒப்பாகக் கையிற் பிடித்து வாசிக்கத்தக்க சைவப் பாடநூல் முதன்முதலாகத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது.

எனினும் வித்தியாசாலையிலே ஒன்று இல்லை. அது ஆங்கிலம். தமிழும் சைவமும் அங்கே ஐயமறக் கற்கலாம். ஆனால் கச்சேரி வாயிலைக் கடக்க அவை போதா. இந்தக் குறையை நாவலரவர்கள் அறியாதவரல்லர். 1872 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். நீறணிந்து பாடசாலைக்கு வருதல் பற்றி மிசன் பாடசாலையிலே உண்டாகிய பிணக்கும் அதற்கு ஒரு காரணமாயிற்று. அப்பாடசாலை நான்கு ஆண்டு அளவிலே பொருள் முட்டுப்பாட்டினால் நின்றுபோயிற்று.

ஏன் நின்றது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். நாவலரவர்களின் பெயருக்கு யாழ்ப்பாணத்திலே அக்காலத்தில் இருந்த மதிப்பு வேறு யாருக்கும் இருந்ததில்லை. அவர் சொல்லைக் கேட்டுக் கோயில்களிலே பழைய வழக்கங்கள் மாறின. ஆயினும் அவர் தொடங்கிய ஆங்கில பாடசாலை வாழவில்லை. ஆங்கிலம் கற்பிக்க வல்ல ஆசிரியர் தொகை அன்று சிறிது. அவர்களுக்குச் சம்பளம் பெரிது. மிசன் பாடசாலைகளுக்கு வெளிநாட்டுப் பணமும் அரசாங்க உதவிப்பணமும் இருந்தன. பிடியரிசி தமிழாசிரியருக்குப் போதும். ஆங்கில ஆசிரியருக்குப் போதாது. இன்னொரு காரணமும் உண்டு என்பது என் துணிபு. தமிழ்ப் பாடசாலையைத் தெரியும்போது பெற்றோன் இழப்பது ஒன்றுமில்லை; பிள்ளை சிறியவன், பின்னர் வேறிடம் போகலாம். ஆங்கில பாடசாலையைத் தெரியும்போதோ பிள்ளையின் உத்தியோகத்தையே பணயம் வைக்கின்றான். புதிய பாடசாலை நாளை நிலைக்குமா, அதன் சான்றிதழைக் கச்சேரித் துரை மதிப்பாரா என்று அவன் அஞ்சுகின்றான். அச்சத்தினால் அவன் அனுப்பாது விட, அனுப்பாமையினாலேயே பாடசாலை நிலையாது போகின்றது. தாபகர்கள் பலர் இந்த இடத்திலே மக்களின் பற்றின்மையைக் குறைகூறுவர். ஒரே மகனை உடைய தந்தையிடம் பரிசோதனைக்கு ஆளாகும் துணிவை எதிர்பார்த்தல் எவ்வளவு நியாயம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

நாவலரவர்கள் 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள் சிவபதமடைந்தார். அடுத்த பத்தாண்டுகளிலே நிலைமை மாறியது. அரசாங்கத்தின் கல்விப் பகுதி 1869 ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டு, குறித்த பாடங்களிலே பெறும் பேற்றை நோக்கி உதவிப்பணம் கொடுக்கும் முறை வந்தது. கேம்பிறிட்ஜ்ப் பரீட்சைகள் 1880 ஆம் ஆண்டிலே இலங்கையில் நடத்தப்பட்டன. இந்தப் பரீட்சையின் வருகை பெற்றோரின் கணக்கையே மாற்றிற்று. முன்னே பாடசாலையின் மதிப்பு அதனை நடத்துபவரின் மதிப்பைப் பொறுத்தது. இப்பொழுது வினாத்தாள் கடல் கடந்து வருகின்றது. விடைத்தாள் கடல் கடந்து போகின்றது. திருத்துபவருக்கு மாணவன் பாதிரியாரிடம் கற்றவனா சைவரிடம் கற்றவனா என்பது தெரியாது. சைவப் பாடசாலையும் மிசன் பாடசாலையும் ஒரே தராசிலே நிறுக்கப்படும் நிலை பிறந்தது. நாவலரவர்களின் பாடசாலைக்குக் கிடையாத வாய்ப்பு இது.

வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை அவர்களோடு தொடர்புடையதாய்ப் பட்டினத்துப் பிரதான வீதியிலே 1880களின் நடுப்பகுதியில் தோன்றிய சுதேச நகர உயர்தர பாடசாலை, 1889 ஆம் ஆண்டிலே அப்புக்காத்து நாகலிங்கம் அவர்களின் கைக்கு வந்து, வண்ணார்பண்ணைக்கு இடம் மாறியது. நாவலரவர்களின் வழிநின்றோர் 1888 ஆம் ஆண்டிலே நிறுவிய சைவ பரிபாலன சபை, 1890 ஆம் ஆண்டிலே அதனைப் பொறுப்பேற்று இந்து உயர்தர பாடசாலை ஆக்கியது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. சிதம்பரப்பிள்ளை அவர்களின் புதல்வர் நெவின்ஸ் செல்வதுரை அவர்கள் 1892 ஆம் ஆண்டு தொடக்கம் நெடுங்காலம் அதன் அதிபராய் விளங்கினார். நெவின்ஸ் என்னும் பெயரையுடைய ஒருவர் இந்துக் கல்லூரியின் தலைமையிலே அமர்ந்தமை, முன்னர் யாம் கூறிய இரண்டு உடன்படிக்கைகளின் கதைக்கு நல்ல சான்று. சபையார் 1889 ஆம் ஆண்டிலே தொடங்கிய இந்து சாதனம் என்னும் பத்திரிகையும், அதன் ஆங்கிலத் தோழமைப் பத்திரிகையும், பெற்றோரை நோக்கிப் பேசுதற்கு வாயாயின.

இம்முறை பாடசாலை நிலைத்தது. சமயப்பற்று 1872 இல் இருந்ததைவிட 1890 இலே பெருகிவிட்டது என்பது மாத்திரம் காரணமன்று. கல்வியின் சந்தை பெருகியிருந்தது. 1890களிலே தொடங்கி மலாயா நாட்டின் புகையிரதப் பகுதியும் நில அளவைப் பகுதியும் ஏனைய கந்தோர்களும் ஆங்கிலம் அறிந்த யாழ்ப்பாண இளைஞரை வேண்டின. வெளிநாடு சென்றவன் அனுப்பும் பணத்தால் அயல்வீடு கல்வீடாவதை வேலிக்கு இப்பால் நின்று கண்ட தந்தைக்கு, மகனை ஆங்கிலம் கற்கவிட வேண்டுமா என்பது வினாவாக இல்லாது போயிற்று. எங்கே கற்கவிடுவது என்பதே வினா. மிசன் பாடசாலைகள் எல்லாரையும் கொள்ள இயலாத அளவுக்கு மாணவர் பெருகியபோது, புதிய பாடசாலைக்கு அனுப்புவது பரிசோதனையாகத் தோன்றவில்லை.

அரசாங்கத்தின் விதிகளும் தெரிவை ஒடுக்கவே செய்தன. முன்பே ஒரு பாடசாலை உள்ள இடத்துக்குக் குறித்த தூரத்துள் புதிய பாடசாலை தொடங்கினால் உதவிப்பணம் மறுக்கப்படும் என்னும் விதி அவற்றுள் ஒன்று. இது வீண்செலவைத் தடுக்க எழுந்தது எனச் சொல்லப்பட்டது. முந்தி வந்தவர் மிசனார் ஆதலின், விதி முந்தினவர்க்கே காவலாயிற்று. பெற்றோர் விரும்பினாலும் உதவிப்பணம் இல்லாத பாடசாலையிலே கட்டணம் மிகும். கட்டணம் மிகுமிடத்து ஏழைப் பெற்றோர் விலகுவர்.

இதுகாறும் மகன் என்றே எழுதி வந்தோம். மகளின் கதை வேறு. உடுவிலிலே அமெரிக்கப் பெண்பாடசாலை 1824 ஆம் ஆண்டிலே தொடங்கியது. பெண்ணைக் கற்பிப்பது எதற்கு என்று கேட்ட பெற்றோரை இணங்கச் செய்தற்கு, கற்று முடித்துக் கிறித்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுப்பதாக மிசனார் வாக்களித்தனர். பெற்றோரின் கணக்கை இதைவிட நன்றாக அறிந்துகொண்டவர் யார்? பட்டினத்திலே வேம்படியில் வெஸ்லியன் பெண்பாடசாலையும், கத்தோலிக்கக் கன்னியர் மடத்துப் பாடசாலையும், 1896 ஆம் ஆண்டு தொடக்கம் சுண்டிக்குளியிலே மகளிர் கல்லூரியும் நடைபெற்றன. வண்ணார்பண்ணைச் சைவப் பெற்றோர் தம் புதல்வருக்கு 1890 ஆம் ஆண்டிலே சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வியைப் பெற்றுவிட்டனர். புதல்வியருக்கோ, சேர். பொன். இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்திலே 1913 ஆம் ஆண்டில் இராமநாதன் கல்லூரியைத் திறக்கும்வரை அது கிடைக்கவில்லை. அக்கல்லூரியும் காங்கேசன்துறை வீதியாலே ஐந்து மைல் அளவு போகவேண்டிய இடத்தில் இருந்தது. விடுதியிலே விட வசதியுள்ள குடும்பத்துக்கே அது பெரிதும் பயன்பட்டது. பட்டினத்திலே இந்து மகளிர் கல்லூரி தோன்றியது 1943 ஆம் ஆண்டில். மகனுக்கும் மகளுக்கும் இடையே 53 ஆண்டு இடைவெளி. இந்து சமயத்தைக் காத்தோம் என்று ஆண்டுவிழாக்களிலே பேசும்போது இந்த 53 என்னும் எண்ணையும் யாராவது ஒருவர் எடுத்துச்சொல்வது நன்று.

தெரிவே இல்லாதவர்களின் கதை இன்னும் கடியது. பட்டினத்திலே நான்கு பாடசாலைகள் நடந்து போகும் தூரத்தில் இருந்தாலும், சாதியாலே ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அவை நான்கும் தொலைவிலேயே இருந்தன. மிசன் பாடசாலைகள் கதவைத் திறந்தன. ஆனால் திறந்த கதவின் உள்ளேயும் பல இடங்களில் அவர்கள் நிலத்திலே அமர்ந்தனர், ஏனையோர் வாங்கிலே அமர்ந்தனர். 1920களின் பிற்பகுதியிலே உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலே சமாசனம் வேண்டும் என அரசாங்கம் பணித்தது. 1924 ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அதனை ஆதரித்தனர். ஆனால் பெற்றோர் பலர் எதிர்த்தனர். குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. எரித்தவர்களும் தம் பிள்ளைகளின் நன்மையை நாடிய பெற்றோர் என்றே தம்மைக் கருதியிருப்பர். பெற்றோரின் தெரிவை இந்தக் கட்டுரை அனுதாபத்தோடு நோக்கி வந்திருக்கின்றது. ஆனால் அத்தெரிவு அயல்வீட்டுப் பிள்ளையின் வாங்கைப் பறிக்கும் தெரிவாக மாறிய இடத்தில் அனுதாபத்துக்கு இடமில்லை. வடமராட்சியிலே கா. சூரன் அவர்களின் முயற்சியால் எழுந்த தேவரையாளிப் பாடசாலை, தெரிவு மறுக்கப்பட்டவர்கள் தாமே தமக்கு ஒரு பாடசாலையை ஆக்கிக்கொண்ட வரலாறாகும்.

வண்ணார்பண்ணையிலே 1913 ஆம் ஆண்டில் தோன்றிய வைத்தீசுவர வித்தியாலயம், சில ஆண்டுகளின் பின் இராமகிருஷ்ண மிசனின் பராமரிப்புக்கு வந்தது. சோனகதெருப் பிள்ளைகளுக்கும் அது அயற் பாடசாலை. ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் வரலாற்றை இங்கே எடுத்துக்காட்டலாம். 1911 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் பிறந்த அவரைத் தந்தையார் முதலிலே குர்ஆன் மதரசாவுக்கும், பின்பு அயலிலிருந்த முகம்மதிய பாடசாலைக்கும், அதன்பின் வைத்தீசுவர வித்தியாலயத்துக்கும், 1923 ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் அனுப்பினார். இலங்கைச் சிவில் சேவையிலே சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் 1948 ஆம் ஆண்டு தொடக்கம் 1961 ஆம் ஆண்டுவரை பணிபுரிந்தார். மதத்தை மதரசாவிலும் கல்வியை இந்துப் பாடசாலையிலும் பெறச்செய்த அத்தந்தை, ஒரு நூற்றாண்டுக்கு முன் வெஸ்லியன் பாடசாலைக்கு மகனை அனுப்பிய சைவத் தந்தை செய்த அதே கணக்கைச் செய்தார். இம்முறை வேற்று மதத்துப் பாடசாலையாய் நின்றது நம்முடையது. அங்கே அப்பிள்ளை தன் மதத்தை இழவாது கற்று வெளியேறினான் என்பது இந்துக் கல்லூரிக்குப் பெருமை. அந்த அயல் 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, முஸ்லிம் மக்கள் யாழ்ப்பாணத்தினின்றும் வெளியேற்றப்பட்டபோது, ஒரே நாளில் இல்லாதொழிந்தது. பின்னர் மீண்டு வந்து குடியேறியவர் ஒரு பகுதியினரே.

கட்டணமில்லாக் கல்வி 1945 ஆம் ஆண்டிலே வந்தது. உதவிபெறும் பாடசாலைகளை 1960 ஆம் ஆண்டிலே அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, மத்திய கல்லூரியும் வேம்படியும் இந்துக் கல்லூரியும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. சம்பத்திரிசியார் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி முதலியன தனியார் பாடசாலைகளாக நின்றன. கட்டணம் போயிற்று, மதம் பற்றிய அச்சமும் பெரும்பாலும் போயிற்று, தூரம் நின்றது. முதலாந் தரத்துச் சேர்வுக்கு வீடு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதற்கே இன்று அரசாங்கச் சுற்றுநிருபம் பெரும்பங்கு புள்ளிகளைக் கொடுக்கின்றது. அடுத்துப் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், முன்பே கற்கும் பிள்ளையின் சகோதரருக்கும் பங்குண்டு. ஆகவே காணியுறுதியையும் வாக்காளர் இடாப்பின் பிரதியையும் மின்கட்டணச் சிட்டையையும் ஒரு கோவையிலே அடுக்கிக்கொண்டு, நேர்முகப் பரீட்சைக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் வருகின்றனர். வாடகைக்கு வீடெடுத்து அயலுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அவர்களுள் உளர். மேசையின் இப்பக்கத்தில் ஆண்டுதோறும் அமர்ந்திருக்கும் ஆசிரியர் எவரும் அறிந்த ஒன்றுண்டு: கோவையை மூடி எழும்பும்போது அவர்கள் தாழ்ந்த குரலிலே கேட்கும் வினா, இங்கே இங்கிலீசு நன்றாகப் படிப்பிக்கிறார்களா என்பதே.